சோதிக்க முடியாத விதி

காரின் எடையைத் தராசில் நிறுத்துவிடலாம். சிலிண்டரின் விட்டத்தை அளந்துவிடலாம். பந்தயக் காரில் சோதனைக்கு எளிதில் பிடிபடாதது என்ஜின் கணினி. எவ்வளவு பெட்ரோல் பீய்ச்ச வேண்டும், தீப்பொறி எப்போது விழ வேண்டும் என்பதை அதிலுள்ள எண் அட்டவணைகள் தீர்மானிக்கின்றன. அவற்றில் சில எண்களைத் திருத்தினால், வெளியே ஒரு திருகாணிகூட நகராமல் குதிரைத்திறன் கூடிவிடும். மீறியதைக் கண்டுபிடிக்க முடியாத ஒன்று விதியாகுமா என்ற அறக்கேள்வி, அமெச்சூர் பந்தயத்தில் செலவுக் கணக்கோடு பின்னிக்கிடக்கிறது.

1944-ல் தொடங்கிய ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ஆஃப் அமெரிக்காவின் ‘இம்ப்ரூவ்ட் டூரிங்’ பிரிவு, சாதாரணச் சாலைக் கார்களைக் கட்டுப்படியாகும் செலவில் பந்தயத்தில் ஓட்டுவதற்கானது. அட்டவணைகள் பதிந்த சிப்பை மாற்றுவோரைப் பிடிப்பது கடினம் என்பதால் அங்கே ஒரு சமரச விதி வந்தது: கணினியை எப்படி வேண்டுமானாலும் மாற்றலாம், ஆனால் எல்லாம் கம்பெனிப் பெட்டிக்குள், கம்பெனி கனெக்டர் வழியாகவே நடக்க வேண்டும். அந்தச் சின்னப் பெட்டிக்குள் என்ன பெரிதாகச் செய்துவிட முடியும்? செய்தார்கள். வசதியுள்ளவர்கள் பழைய போர்டை எடுத்துவிட்டு, மோடெக் போன்ற விலையுயர்ந்த பந்தயக் கணினியை அதே பெட்டிக்குள் திணித்தார்கள். வீட்டிலேயே சாலிடர் வைத்துச் செய்துகொள்ளக்கூடிய மெகாஸ்குவர்ட் என்ற மலிவுக் கணினியை அதன் சொந்தப் பெட்டியோடு பொருத்தினால் மட்டும் விதிமீறல். சிக்கனத்துக்காக எழுதிய விதி சிக்கனமான வழியைத்தான் அடைத்தது. பின்னாளில் பெட்டி நிபந்தனை கைவிடப்பட்டது.

தேவையில்லாத தடைகளை மனமுவந்து ஏற்பதுதான் விளையாட்டு என்றார் தத்துவவாதி பெர்னார்ட் சூட்ஸ், 1978-ல் வெளிவந்த ‘தி கிராஸ்ஹாப்பர்’ நூலில். அப்படியானால் கள்ளத்தனமாக விதியை மீறியவர் ஆடவே இல்லை. ஆடாதவருக்கு வெற்றி ஏது? பரிசுப் பணம் பேருக்குத்தான் என்கிற அமெச்சூர் பந்தயத்தில் இந்த வாதத்துக்கு வலு அதிகம். ஆனால் பெட்டிக்குள் திணித்தவர் எதையும் மீறவில்லை. விதியின் எழுத்தை முழுக்க மதித்தவர் அவர். அவரிடம் சூட்ஸின் வாதம் செல்லாது. கடன் வாங்கி ஈடுகொடுக்க முடியாமல் பின்தங்கியவருக்கும் அதில் ஆறுதல் இல்லை. பழி விதியை எழுதியவர்கள் மீதே விழுகிறது.

மனசாட்சியை நம்பாத வழிகளும் உண்டு. அமெரிக்க மண்தடப் பந்தயங்கள் பலவற்றில், வென்றவரின் என்ஜினைத் தோற்றவர், விதியில் குறித்த விலைக்குக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அங்கே கணினிக்குக் கொட்டிய பணமும் கைமாறிப் போகக்கூடும். பொறுமையாக, நேர்மையாக என்ஜின் கட்டியவரும் அதே அடி வாங்குவது இதன் குறை. நேஷனல் ஆட்டோ ஸ்போர்ட் அசோசியேஷன் போன்றவை கருவியை விட்டுவிட்டு விளைவை அளக்கின்றன: எடைக்கும், திறனை அளக்கும் கருவியான டைனோவில் கிடைத்த திறனுக்கும் உள்ள விகிதமே காரின் பிரிவை முடிவு செய்கிறது. எந்தக் கணினி என்ற கேள்வியே அங்கு எழ வேண்டியதில்லை. ஆனால் ஒரு சுவிட்சைத் தட்டி டைனோவுக்கு ஒரு அட்டவணை, தடத்துக்கு வேறொன்று என்று ஓட்டவும் முடியும். ஆகவே ஓடும் காரிலேயே பதிவுக் கருவியைப் பொருத்தி, அதன் முடுக்கத்திலிருந்து திறனைக் கணக்கிட வேண்டியதாகிறது.