காணாதவர்க்குக் கடமை

தீங்கை மனத்தாலும் எண்ணாத ஒருவருடைய அலட்சியத்தால் முன்பின் அறியாத மற்றொருவருக்கு உயிர்ச்சேதம் நேருமாயின், அந்தப் பாவத்தில் அவருக்குப் பங்குண்டா என்னும் பழைய வினாவை, அமெரிக்க வீடுகளின் உலோகத் தண்ணீர்க் குழாயைக் கொண்டே ஆராயலாம். அந்நாட்டு மின்விதித் தொகுப்பின்படி, மண்ணில் 10 அடிக்குக் குறையாமல் பதிந்துள்ள உலோகக் குழாயை வீட்டின் எர்த்தோடு பிணைத்தாக வேண்டும். அங்கே நியூட்ரல் கம்பியும் எர்த்தும் பிரதான மின்பெட்டியில் ஒன்றுசேர்வதால், நியூட்ரல் வெளியே எங்கேனும் அறுந்துபோனால், திரும்பிச் செல்ல வேண்டிய மின்சாரம் குழாய் வழியே அண்டை வீடுகளை அடைந்து மின்மாற்றிக்குச் செல்கிறது. விளக்குகள் பெரும்பாலும் வழக்கம்போலவே எரிவதால் வீட்டுக்காரர் ஐயுறுவதில்லை. அந்நிலையில் தண்ணீர் மீட்டரைக் கழற்ற வரும் தொழிலாளி, பிரிந்த குழாயின் இரு முனைகளையும் இரு கைகளால் பற்றுவாரேயானால், மின்சாரம் அவருடைய மார்பின் ஊடாகவே பாயும். மீட்டரின் இருபுறமும் கவ்விகளால் இறுக்கப்பட்ட ஒரு முழத் தாமிரக் கம்பி அவரைக் காத்துவிடும்.

சமண ஆசாரியர் உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரம் ஹிம்சைக்கு இலக்கணம் வகுக்கையில், உயிரைப் போக்குவதோடு விழிப்பின்மையையும் சேர்த்தே சொல்கிறது. எத்தனை நுட்பமான தர்மசிந்தனை! துவேஷம் இல்லை என்று சொல்லித் தப்பிக்க அங்கே இடமில்லை. அந்தக் கவ்வி துருவேறித் தளர்ந்திருப்பதைக் கண்டும், நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று திரும்புகிறவருக்கு அத்தொழிலாளியின் மரணத்தில் பங்குண்டென்றே நான் கருதுகிறேன். ஒன்றும் அறியாமல் அவ்வீட்டில் குடிபுகுந்தவரின் நிலை வேறுதான், ஆயினும் அறிந்த மின்பணியாளர் அவருக்கு எடுத்துரைக்காமல் கூலியைப் பெற்றுக்கொண்டு போவது எவ்வகையிலும் தகாது.