செருப்பைக் கழற்றிய களம்

ஏகாதசி விரதம் இருக்கும் வாசகர்களே, உங்களிடம் ஒரு கேள்வி. அன்று அரிசியை விலக்கிவிட்டு ஜவ்வரிசிக் கஞ்சியோ கிச்சடியோ சாப்பிடுகிறவர் உங்களில் பலர் இருப்பீர்கள். குளித்து, அடுப்பைத் துடைத்து, சுத்தபத்தமாகச் சமைப்பீர்கள். அந்த உணவின் தூய்மை உங்கள் சமையலறையில்தான் தொடங்குகிறதா?

எனக்கும் இப்படிக் கேட்கத் தோன்றியதே இல்லை, அந்தப் பங்குனி மாதத்து மத்தியானம் வரைக்கும்!

நாமக்கல் ஆஞ்சநேயர் தரிசனம் முடிந்திருந்தது. மேலே விமானமோ கூரையோ இல்லாமல், வெயிலையும் மழையையும் ஏற்றுக்கொண்டு 18 அடி உயரத்தில் கைகூப்பி நிற்கும் அந்தத் திருமேனியைக் கண்குளிரப் பார்த்துவிட்டு, ராசிபுரம் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலைக்குக் கிளம்பினேன். மூட்டை தூக்கும் கூலியாளாக வாழ்க்கையைத் தொடங்கி, சொந்த ஆலை கட்டிய ஒருவரைப் பற்றி நிறையக் கேள்விப்பட்டிருந்தேன். அவரிடம் வெற்றியின் ரகசியத்தைக் கேட்டு எழுத வேண்டும் என்பது ஆசை.

ஆலைக்குள் நுழைந்தால், கண்ணுக்கெட்டிய வரை சிமென்ட் களம். அதில் வெள்ளை வெளேரென்று ஜவ்வரிசி காய்ந்துகொண்டிருந்தது. ஆர்வத்தில் இரண்டடி எடுத்து வைத்தேன்.

"செருப்ப அங்கயே உட்டுட்டு வாங்கம்மா. இது திங்கற பொருளுங்க..."

அவர்தான்! குரலில் கோபமில்லை. ஆனால், எனக்குச் சுருக்கென்றது. காலையில் கோயில் வாசலில் யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றிய எனக்கு, இங்கே ஒருவர் சொல்ல வேண்டியிருந்ததே! களத்தில் பலகையால் ஜவ்வரிசியைக் கிளறிக்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் வெறுங்காலோடுதான் நடந்துகொண்டிருந்தார்கள். நான் கழற்றிவிட்டு நாலடி வைப்பதற்குள் பாதம் கொதித்தது. அவர்கள் காலையிலிருந்தே அங்கேதான் நடக்கிறார்கள்.

சுற்றிக் காட்டினார். அந்தப் பக்கத்தில் 'குச்சிக்கிழங்கு' என்று சொல்லும் மரவள்ளிக் கிழங்கைக் கழுவி, தோலுரித்து, அரைத்து, பாலைப் பிரிக்கிறார்கள். பால் தொட்டியில் நின்று தெளிய, அடியில் மாவு தங்குகிறது. அந்த ஈர மாவைக் குலுக்கிக் குலுக்கிக் குருணையாக்கி, சலித்து, வறுத்து, வெயிலில் காயவைத்தால்தான் ஜவ்வரிசி. பிழிந்து மிஞ்சும் திப்பிகூட வீணாவதில்லை, மாட்டுத் தீவனமாகிறது. நாம் கடையில் ஒரு பொட்டலமாக வாங்குவதற்குப் பின்னால் இத்தனை கைகள்!

சேலத்து ஜவ்வரிசியின் வரலாறே ஒரு சந்திப்பில் தொடங்கியதுதான். முன்பெல்லாம் ஜவ்வரிசி மலேயா, சிங்கப்பூர் பக்கமிருந்து வந்தது. அங்கே அதை ஒருவகைப் பனைமரத்தின் சோற்றிலிருந்து எடுத்தார்கள். இரண்டாம் உலகப் போரில் அந்த வரத்துக்குத் தடங்கல் வந்தது. அப்போது மீன் வியாபாரத்துக்காகக் கேரளம் போய்வந்துகொண்டிருந்த சேலம் மாணிக்கம் செட்டியார், பினாங்கிலிருந்து வந்திருந்த போபட்லால் ஷா என்பவரைச் சந்தித்தார். மாவு எடுக்கும் நுட்பம் ஷாவுக்குத் தெரியும். இருவரும் சேர்ந்து 1943-ல், பெரிய இயந்திரம் எதுவுமில்லாமல், மரவள்ளியிலிருந்து ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார்கள்.

மறு வருடமே சோதனை. உணவுப் பஞ்சம் வந்ததால், கிழங்கை உணவுக்கன்றி வேறெதற்கும் பயன்படுத்தக் கூடாது என்று மாவட்ட ஆட்சியர் தடை விதித்தார். உற்பத்தியாளர்கள் சங்கமாகக் கூடி முறையிட்டுத்தான் தொழிலைக் காப்பாற்றினார்கள். 1981-ல் அவர்களுக்கென்றே 'சேகோசர்வ்' கூட்டுறவுச் சங்கம் உருவானது. 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் நவராத்திரி, சிவராத்திரி விரதக்காரர்கள் உண்ணும் ஜவ்வரிசிக் கிச்சடிக்கு இந்த மண்ணிலிருந்துதான் மூட்டை மூட்டையாகப் போகிறது.

இதையெல்லாம் பேசிவிட்டு, என் கேள்விக்கு வந்தேன். "உங்கள் வெற்றியின் ரகசியம்..?"

அவர் சிரித்தார். "ரகசியமெல்லாம் ஏதுங்க? நான் மூட்டை தூக்குன காலத்துல எங்கூட எட்டுப் பேரு தூக்குனாங்க. என்னைவிட ரெண்டு மூட்டை சேத்தித் தூக்குனவனும் உண்டு. எனக்கு நம்பிக் கடன் குடுக்க ஒருத்தர் இருந்தாரு, அவனுக்கு இல்ல. அவ்வளவுதான். ஆனா நீங்க என்னைத்தான பாக்க வந்தீங்க?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. தமிழ் படித்தவள் நான். திருக்குறளில் 'ஆள்வினையுடைமை' என்ற 62-வது அதிகாரத்தைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்தவள். உழைப்பை மதிக்கிறேன் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். உண்மையில் நான் மதித்தது ஜெயித்த உழைப்பை மட்டும்தான்!

அந்த நேரம் பார்த்து வானம் கறுத்தது. நனைந்தால் அன்றைய சரக்கு பாழ். யாரும் யாரையும் ஏவவில்லை. பெண்கள் பலகையோடு ஓடினார்கள். அந்த முதலாளியும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர்களோடு குவிக்க ஆரம்பித்தார். நானும் கைப்பையை வைத்துவிட்டு ஒரு சாக்கின் வாயைப் பிடித்துக்கொண்டேன். மழை நாலு தூறலோடு போய்விட்டது. எல்லோரும் சிரித்தார்கள். பிறகு, குவித்ததையெல்லாம் மறுபடி பரப்பினார்கள்!

யோசித்துப் பாருங்கள்... காலையில் நான் வணங்கிய ஆஞ்சநேயர் அரசரல்லர், தொண்டர். கடல் தாண்டியதும் மலை சுமந்ததும் பட்டம் கட்டிக்கொள்வதற்காக அல்ல. அந்தத் தொண்டருக்குத்தான் வடைமாலை சாற்றி மகிழ்கிறோம். ஆனால், கண்ணெதிரே வெயிலில் நின்று தொண்டு செய்கிறவரின் முகத்தை நிமிர்ந்து பார்க்கிறோமா?

மதிப்பது என்றால் கும்பிடுவது மட்டுமல்ல. கும்பிட்டுவிட்டுக் கூலியைக் குறைத்தால் அது மரியாதையாகாது. நேரத்துக்குச் சம்பளம், குடிக்கத் தண்ணீர், உட்கார நிழல், பெயர் சொல்லிக் கூப்பிடும் பண்பு... நம் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அம்மாவிடமிருந்தே இதைத் தொடங்கலாம்.

விடைபெறும்போது, "எம்பேரு போடாதீங்கம்மா" என்றார் அவர். போடவில்லை.

அடுத்த ஏகாதசிக்கு ஜவ்வரிசியை ஊறவைக்கும்போது, ஒரு கணம் அந்தக் களத்தை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் விரதத்துக்காக யாரோ முன்கூட்டியே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றிருக்கிறார்கள்.