எண்பதினாயிரம் ஆண்டு வாழ்ந்த மனிதர்

மூன்று திங்களுக்கு முன், ஒரு பௌர்ணமி மாலையில், கோவிந்தாபுரத்து உபாசகர் ஒருவர் இல்லத்துத் திண்ணையில் தம்மம் பேசிக்கொண்டிருந்தேன். பொள்ளாச்சியிலிருந்து கொல்லங்கோடு செல்லும் சாலையில், கேரள எல்லைக்குள் அடியெடுத்து வைத்தவுடன் வருவது இவ்வூர். மாந்தோப்பு வேலை முடித்து வந்த ஆடவரும் பெண்டிருமாக முப்பது பேர் இருந்தனர். தசரதன் அறுபதினாயிரம் ஆண்டு வாழ்ந்தான் என்னும் கதையை எடுத்து வழக்கம்போல் நகையாடினேன். அவையும் நகைத்தது.

அப்பொழுது பத்தாம் வகுப்பிற் பயிலும் சிறுமி ஒருத்தி எழுந்தாள். "ஐயா, ஆதியில் மனிதர் எண்பதினாயிரம் ஆண்டு வாழ்ந்தனர் என்று போன மாதம் தாங்களே நம் சுத்தத்திலிருந்து சொன்னீர்களே. அதற்கு ஏன் நாம் சிரிக்கவில்லை?" என்றாள்.

நான் திகைத்தேன். திகைப்பை மறைக்க, "அக்காலத்தார் மாதத்தையே ஆண்டென்று எண்ணினர், அம்மா" என்றேன். எங்கோ கேட்ட விடை அது. அச்சிறுமி குறிப்பேட்டில் வகுத்துப் பார்த்து, "அப்படியும் ஆறாயிரத்து அறுநூற்றுக்கு மேல் வருகிறதே, ஐயா" என்றாள். இம்முறை அவை நகைத்தது என்னைக் குறித்து.

அன்றிரவு எனக்கு உறக்கமில்லை. பிறர் புராணத்தை எள்ளிவிட்டு வந்த நாம், நம் நூலில் அதே வகைச் செய்தி வரும்போது மட்டும் கைகூப்பி நின்றால், மதம் மாறினோமேயன்றி மனம் மாறினோமில்லை.

அச்சுத்தத்தை அறியாதார் பொருட்டுச் சுருங்கக் கூறுவேன். தீக நிகாயத்தின் 26-ஆம் சுத்தமாகிய சக்கவத்தி சீகநாத சுத்தம் அது. ஆயுள் 80,000 ஆண்டாயிருந்த காலத்தில் ஓர் அரசன் நாட்டைக் காவல் செய்தான். ஆயின் பொருளற்றார்க்குப் பொருள் ஈந்தானில்லை. வறுமை பெருகிற்று. வறுமையால் ஒருவன் களவு செய்தான். "பிழைக்க வழியில்லை" என்று அவன் கூற, அரசன் பொருள் கொடுத்தனுப்பினான். களவாடினால் பொருள் கிடைக்கும் என்றறிந்து மற்றவரும் களவிற் புகுந்தனர். அரசன் வெகுண்டு தலையைக் கொய்யச் செய்தான். அதைக் கண்டவர் தாமும் வாள் செய்து கொண்டனர். கொலை வந்தது; பொய் வந்தது; ஆயுள் 40,000 ஆயிற்று. பின்னும் தேய்ந்து தேய்ந்து நூறாயிற்று. இனிப் பத்தாண்டாகவும் குறையுமாம். ஐந்து வயதில் பெண்ணுக்கு மணமாகுமாம். மனிதரை மனிதர் விலங்கெனக் கண்டு ஏழு நாள் வெட்டி மாய்வராம். காட்டில் ஒளிந்து தப்பியவர் வெளிவந்து, ஒருவரையொருவர் தழுவி, இனிக் கொல்லோம் என்று உறுதிபூண, ஆயுள் இருபது, நாற்பது என மீண்டும் வளருமாம்.

இவ்வெண்கள் சரித்திரமா? அல்ல. பழங்குடிகள் யாவும் தம் முன்னோர்க்கு இவ்வாறே ஆயுளை அள்ளிக் கொடுத்தன. சுமேரியர் தம் முதல் அரசன் அலுலிம் 28,800 ஆண்டு ஆண்டான் என்றனர். யூதர் நூலில் மெத்தூசலாவுக்கு 969 ஆண்டு. நம் தமிழரும் சளைத்தவரல்லர். இறையனார் அகப்பொருள் உரை முச்சங்கங்களுக்கும் கூறும் 4440, 3700, 1850 என்னும் ஆண்டுகளை 37-ஆல் வகுத்துப் பாருங்கள். மூன்றும் மீதியின்றி வகுபடும். காலம் அவ்வளவு ஒழுங்காக ஓடுவதில்லை. கணக்குப் போட்டவன் கைதான் ஒழுங்காக ஓடியிருக்கிறது.

பஞ்சாலையில் இருபத்தைந்தாண்டு உழைத்தவன் நான். சுழலும் உறுப்பு எதுவாயினும் தேயும். தேய்மானத்தைக் கண்டு அதன் வயதைச் சொல்லலாம். மனிதப் பல்லும் அவ்வாறே. பழைய எலும்புகள் கிடைக்கும்போது பல்லின் தேய்வையும் எலும்பு முனைகள் பொருந்திய நிலையையும் கொண்டு ஆராய்ச்சியாளர் வயதை மதிப்பிடுகின்றனர். பல்லாயிரம் ஆண்டு மென்று தேய்ந்த பல் எங்கும் அகப்பட்டதில்லை. நாற்பதைத் தாண்டியோரே ஆதி எலும்புக்கூடுகளிற் குறைவு. சான்றுடன் மிக நெடிது வாழ்ந்தவர் 1997-இல் 122 வயதில் மறைந்த பிரெஞ்சுப் பெண்மணி ஒருவர்.

பரிணாமக் கொள்கை இங்கேதான் குறுக்கிடுகிறது. குரங்கு மனிதனானதை எவரும் கண்டதில்லை என்று 2018-இல் மத்திய இணையமைச்சர் ஒருவர் கூறினார். இன்றைய குரங்கு மனிதனாயிற்று என்று எந்த விஞ்ஞானியும் சொல்லவில்லையே! இரண்டிற்கும் தொன்மூதாதை ஒன்று என்பதே கொள்கை. 2023-இல் பத்தாம் வகுப்பின் மத்தியப் பாடநூலிலிருந்து அப்பாடம் நீக்கப்பட்டது. 1,800-க்கு மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கையொப்பமிட்டு மறுத்தனர். திருவள்ளூர் மாவட்டத்து அதிரம்பாக்கத்தில், 1863-இல் ராபர்ட் புரூஸ் பூட் கண்டறிந்த இடத்தில், பிற்காலத்தார் தோண்டியெடுத்த கற்கருவிகளுக்கு ஏறக்குறைய 15 லட்சம் ஆண்டு வயது என்று 2011-இல் முடிவு கூறப்பட்டது. நம் மண்ணிலே கிடைத்த சான்று இது.

சில பௌத்த நண்பர்கள், டார்வினுக்கு முன்பே அக்கஞ்ஞ சுத்தத்திற் பகவான் பரிணாமத்தைக் கூறிவிட்டார் என்கின்றனர். அதுவும் ஒவ்வாது. ஒளியுடல் கொண்டு வானில் உலவியோர் மண்ணின் சுவையை உண்டு பருவுடல் பெற்றனர் என்பது அச்சுத்தம். வேதத்தில் விமானம் இருந்தது என்பாரை நாம் மறுப்பதில்லையா? அதே மறுப்பு இதற்கும் உரியது. ஆயினும் அச்சுத்தத்தில் ஒன்றுண்டு: பிரமன் வாயிற் பிறந்தோம் என்பாரை நோக்கி, உங்கள் பெண்டிரும் பூப்பெய்தி, கருவுற்று, ஈன்று, பாலூட்டுவதை உலகம் காணவில்லையா என்று பகவான் வினவுகிறார். இது கண்ணாற் கண்டதைக் கொண்டு செய்யும் வாதம். மக்கள் யாவரும் ஆப்பிரிக்காவிற் சுமார் மூன்று லட்சம் ஆண்டுகளுக்கு முன் தோன்றிய ஓரினம் என்னும் இன்றைய அறிவு அவ்வாதத்திற்கு அரண் செய்கிறது. வாயிலும் காலிலும் பிறந்த கதைக்கு அதில் இடமேயில்லை.

இனி முதற்சுத்தத்திற்கு மீள்வேன். எண்கள் கதை. ஆனால் வறுமை ஆயுளைக் குறைக்கும் என்பதும் கதையா? பஞ்சுத் தூசியில் என்னோடு நின்று இருமியவர்கள் பலர் அறுபதைக் காணவில்லை. 1947-இல் இந்தியரின் சராசரி ஆயுள் 32 அளவே; இன்று 70-ஐ ஒட்டியுள்ளது. வானுலகத்தார் எவரும் இறங்கி வந்து இதைக் கூட்டவில்லை. அரிசியும், அம்மைப்பாலும், நல்ல நீரும், பேறுகால மருத்துவமும் கூட்டின. கூட்டியும் சமமாகக் கிடைத்ததா? ஒன்பது மாநிலங்களின் கணக்கை ஆராய்ந்து 2022-இல் வெளியான கட்டுரை ஒன்று, உயர்சாதி இந்துக்களைவிடத் தலித் மக்கள் மூன்றாண்டுக்கு மேலும், ஆதிவாசிகள் நான்காண்டுக்கு மேலும் குறைவாக வாழ்கின்றனர் என்று காட்டிற்று. பொருள் வேற்றுமையைக் கழித்த பின்னும் குறை முழுதும் நீங்கவில்லையாம். இதே கோவிந்தாபுரத்து அம்பேத்கர் காலனி மக்கள் தீண்டாமையை எதிர்த்து எழுப்பிய குரல் 2017-இல் செய்தித்தாள்களில் வந்தது. பொருளற்றார்க்கு ஈயாத அரசன் கதையை அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அடுத்த பௌர்ணமியில் அதே திண்ணையில் அமர்ந்து, "சென்ற முறை நான் சொன்ன விடை பொய். எண்பதினாயிரம் ஆண்டு எவரும் வாழ்ந்ததில்லை" என்றேன். அச்சிறுமி முன்வரிசையில் இருந்தாள்; ஒன்றும் சொல்லவில்லை.

முதிய உபாசகர் ஒருவர் வருந்தினார். "இன்று இதைக் கழித்தால் நாளை எதைக் கழிப்பீர்? பிறகு எங்களுக்கு எது மிஞ்சும்?" என்றார். நூலில் உள்ளது என்பதற்காகவே ஏற்க வேண்டா என்று காலாமர்க்குப் பகவான் கூறியதை எடுத்துரைத்தேன். பகுத்தறிவுக்கு ஒவ்வாததைப் புத்தர் வாக்கெனக் கொள்ளலாகாது என்று பாபாசாகேப் 1957-இல் வெளிவந்த தம் நூலில் வகுத்த அளவுகோலையும் கூறினேன். முதியவர் தலையசைத்தார், முகம் தெளியவில்லை. விளக்கணைத்துப் புறப்படும்போது அவர் என் கையைப் பிடித்து, "அடுத்த மாதமும் வாரும், இதை முடித்துவிட்டுப் போம்" என்றார்.