இருளைக் காக்கும் தர்மம்

லடாக்கின் தென்கிழக்கே, சாங்தாங் என்னும் குளிர்ப்பாலை மேட்டில், கடல் மட்டத்திற்கு ஏறக்குறைய 4,500 மீட்டர் உயரத்தில் விளங்கும் ஹான்லே வானாய்வு நிலையத்தைச் சூழ்ந்த 1,073 சதுர கிலோமீட்டர் பரப்பு 2022-ஆம் ஆண்டின் இறுதியில் இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அதன் சிற்றூர்களில் சாளரங்களுக்குக் கனத்த திரையிடுவதும், வெளிவிளக்கின் ஒளி மேல்நோக்கிச் சிந்தாதபடி மூடியிடுவதும் நியமங்களாயின. யாக்கும் பஷ்மினா ஆடும் மேய்த்து ஜீவிக்கும் அம்மக்கள் தம் இரவை இவ்வாறு அடக்கிக்கொள்வது யார் பொருட்டு என்னும் வினா, சட்டத்தின் எல்லையைக் கடந்து தர்ம விசாரணைக்குள் நம்மை இட்டுச் செல்கிறது.

ஆண்ட்ரோமிடா மண்டலத்திலிருந்து 25 லட்சம் ஆண்டுகள் பிரயாணம் செய்து பூமியை எட்டும் மங்கிய ஒளி, கடைசிக் கணத்தில் முற்றத்து விளக்கொன்றின் பிரகாசத்தில் கரைந்து வீணாகிவிடக்கூடும். வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர் தாங்கிய ஹான்லேயின் 2 மீட்டர் தொலைநோக்கியை இயக்குவோரோ, பெங்களூருக்கு அருகே ஹொசகோட்டேயில் அமர்ந்து, செயற்கைக்கோள் வழியாகவே அதனை வானில் திருப்புகின்றனர். ஆகவே, தான் ஒருநாளும் முகம் காணாத ஒருவருடைய தரிசனத்திற்காக இடையன் தன் விளக்கைத் தாழ்த்துகிறான்.

ஹான்லேக் குன்றின்மேல் பதினேழாம் நூற்றாண்டு முதல் நிற்கும் பௌத்த மடாலயத்தின் சமயம், எப்பொருளும் தனித்துத் தோன்றுவதில்லை, காரணங்கள் கூடியபோதே தோன்றுகிறது என்று போதிக்கிறது. பிரதீத்ய சமுத்பாதம் என்னும் அக்கொள்கையைக் கொண்டு நோக்கினால், நட்சத்திரத்தைக் காண்பது கண்ணின் சாதனை மட்டுமாகாது. அயலானுடைய சுயக்கட்டுப்பாடும் அக்காட்சிக்கு ஒரு காரணமாகிறது. ஞானம் தனிமையில் சித்திப்பது என்று நெடுங்காலம் எண்ணிப் பழகிய நமக்கு இது பெரிய பாடமென்றே கருதுகிறேன்.

ஆயினும், மின்னொளியை மிகத் தாமதமாகப் பெற்ற மக்களிடம் அதனைக் குறைத்துக்கொள்ளுமாறு கேட்பது நியாயமா? காப்பவர் ஒருவர், காண்பவர் வேறொருவர் என்றே அமைந்துவிட்டால், அதனைத் தியாகம் என்று புகழ்வது அநியாயத்திற்குப் பட்டுப் போர்த்துவதாகும். ஹான்லே நிலையத்தை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனம் அவ்வூர்களிலிருந்தே 24 பேரைத் தேர்ந்து, பயிற்சியளித்து, தொலைநோக்கிகளும் வழங்கி, வானவியல் தூதர்களாக்கியதில்தான் எனக்கு மெய்யான மகிழ்ச்சி. அவர்களுள் பெண்கள் பலர். தாம் காக்கும் வானத்தைத் தாமே கற்று, வீட்டில் தங்கவரும் யாத்திரிகர்களுக்குச் சனியின் வளையத்தைக் காட்டி, அதனால் ஜீவனமும் பெறுகின்றனர். மலைமேல் நாள்தோறும் சேகரமாகும் அறிவும் லடாக்கி மொழியில் அவ்வூர்ப் பள்ளிப் பிள்ளைகளிடம் சேர வேண்டும் என்று கேட்பதில் எனக்குத் தயக்கமில்லை. அந்த இருள் அவர்கள் அளித்த மூலதனம்.