காவல் நிற்கும் அன்னம்

ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியத்தில் ஒரு டச்சு ஓவியம் இருக்கிறது. யான் ஆசெலைன் 1650 வாக்கில் தீட்டியது. கூட்டை நோக்கி ஒரு நாய் நீந்தி வருகிறது. அன்னம் சிறகை விரித்து, கழுத்தை வளைத்து, அலகு திறந்து சீறுகிறது. கால்களை அகல ஊன்றியிருக்கிறது. உதிர்ந்த இறகுகள் காற்றில் பறக்கின்றன.

ஆசெலைன் 1652-இல் இறந்துவிட்டார். பிற்பாடு அந்தப் படத்தின் மேல் யாரோ எழுத்துகளைச் சேர்த்தார்கள். அன்னத்தின் கீழே ஹாலந்தின் தலைமை நிர்வாகிக்குரிய பதவிப்பெயர். நாயின் தலைக்கு மேலே 'நாட்டின் எதிரி'. ஒரு முட்டையின் மேல் 'ஹாலந்து'. அன்றுமுதல் அந்தப் பறவை, அந்தப் பதவியை வகித்த யோஹன் டெ விட் ஆகிவிட்டது. அவர் பதவிக்கு வந்ததோ ஓவியர் இறந்த பிறகு, 1653-இல்தான்.

பறவையின் பயம் உண்மை. அதன் ஆவேசத்தில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. ஆனால் அதன்மேல் பதவிப்பெயரை எழுதியதும் கணக்கே மாறிவிடுகிறது. ஆள்பவர் காவலர் ஆகிறார். எதிர்ப்பவர் பகைவர் ஆகிறார். மக்கள் முட்டை ஆகிறார்கள். முட்டையிடம் யாரும் யோசனை கேட்பதில்லை. படத்தில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: ஆபத்தில் இருக்கும் அன்னம்தான் படம் முழுவதையும் அடைத்து நிற்கிறது. எதிரி, ஓரமாகத் தண்ணீரில் தெரியும் ஒரு தலை, அவ்வளவே.

1672-இல் பிரெஞ்சுப் படை டச்சு நாட்டுக்குள் புகுந்தது. அந்த ஆண்டில் ஹேக் நகரில் ஒரு கும்பல் டெ விட்டையும் அவருடைய அண்ணன் கொர்னேலிஸையும் கொன்றது. அந்தக் கொடுமைக்கு எந்தச் சமாதானமும் கிடையாது. ஆனாலும், முட்டையாகக் காட்டப்பட்டவர்களுக்குச் சொந்தக் கோபமும் பயமும் இருந்தன என்பதை அது காட்டிவிட்டது.

நம் வீடுகளிலும் இதே கதைதான் நடக்கிறது. "எல்லாம் உன் நல்லதுக்குத்தான்" என்று சொல்லி, வெளியூர் வேலைக்கு மகளை அனுப்ப மறுக்கிறோம். அந்தக் கவலையில் பொய் இல்லை. நானும் பெண்ணைப் பெற்றவன்தான். ஆனால் கவலைப்படுவதாலேயே முடிவெடுக்கும் உரிமையும் நம்முடையது என்று எண்ணத் தொடங்கும்போது, பாசம் அதிகாரமாகிவிடுகிறது. பேசத் தெரிந்த பெண்ணின்மேல் நாம் 'முட்டை' என்று எழுதிவிடுகிறோம்.

அன்னம் தன் முட்டைகளைக் கேட்டிருக்க முடியாது. நம்மால் முடியும். காவல் நிற்கும் எவரும் முதலில் செய்ய வேண்டியது, யாருக்காக நிற்கிறோமோ அவரை உட்காரவைத்து, "உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்பது. வரும் பதில் நமக்குப் பிடிக்காமல் போகலாம். அப்போதும் அவர் பக்கம் நிற்க முடிந்தால்தான் அந்தக் காவலைப் பாசம் என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு.