ததீசி காட்டிய தானம்

உத்தரப் பிரதேசத்தின் சீதாபூர் மாவட்டத்தில், நைமிசாரண்யத்திற்கு அருகே மிஸ்ரிக் என்னும் ஊர் உள்ளது. அங்குள்ள திருக்குளம் ததீசி முனிவரின் பெயரால் வழங்குகிறது. முனிவர் தமது உடலைத் துறப்பதற்கு முன் பாரதத்தின் புண்ணிய தீர்த்தங்கள் யாவும் அங்கு வந்து கலந்தன என்பது அவ்வூர் மக்களின் நம்பிக்கை.

விருத்திராசுரனை வெல்லும் வழியறியாத தேவர்கள் திருமாலைச் சரணடைந்தனர். ததீசியின் எலும்பினால் ஆன ஆயுதமே அவனை வீழ்த்தும் என்று பெருமான் அருளினார். தேவர்கள் முனிவரின் முன் சென்று யாசித்து நின்றனர். ஸ்ரீமத் பாகவதத்தின் ஆறாம் ஸ்கந்தம் இவ்விடத்தில் கூறும் செய்தி ஆழ்ந்து நோக்கத்தக்கது. முனிவர் உடனே இசைந்துவிடவில்லை. உயிர்களுக்கு உடல் எத்துணை இனியது, அதைப் பிரியும் வேதனை எத்தகையது என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்தார்களா என்று முதலில் வினவினார். தேவர்களின் வாயால் தர்மத்தைக் கேட்கும்பொருட்டே அவ்வாறு வினவியதாகப் பின்னர் தெரிவித்தார். என்றேனும் தம்மை விட்டு நீங்கப்போகும் உடல் பிறருக்குப் பயன்படட்டும் என்று தெளிந்து, மனத்தைப் பரம்பொருளில் நிறுத்தி உடலைத் துறந்தார். அவருடைய எலும்பு வஜ்ராயுதம் ஆயிற்று.

இக்கதையில் இரண்டு படிப்பினைகள் உள்ளன. உடலைப் பற்றிய அச்சத்தை முனிவர் மறைக்கவில்லை. சொல் கொடுப்பதற்கு முன்பே அதை வெளிப்படையாகப் பேசினார். சொல் கொடுத்த பின்னரோ அவர் பின்வாங்கவில்லை. எலும்பு மஜ்ஜை தானம் செய்ய முன்வரும் ஒவ்வொருவருக்கும் இவ்விரண்டும் வேண்டும்.

எலும்பினுள் ஓர் ஊற்று

எலும்புகளின் உட்பகுதியில் மஜ்ஜை என்னும் மென்மையான திசு உள்ளது. அதிலுள்ள ஸ்டெம் செல்களிலிருந்தே இரத்தத்தின் சிவப்பணுக்களும் வெள்ளையணுக்களும் தட்டணுக்களும் இடைவிடாமல் தோன்றுகின்றன. இந்த ஊற்று கலங்கி, முதிராத வெள்ளையணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகுவதே லுகேமியா என்னும் இரத்தப் புற்றுநோயின் கடுமையான வடிவம். நல்ல அணுக்களுக்கு இடமில்லாமல் போவதால் நோயாளி சோகையால் வெளிறுகிறார். சிறு தொற்றும் அவரை வீழ்த்துகிறது. இரத்தக்கசிவு எளிதில் நிற்பதில்லை.

இந்நோயாளிகள் அனைவருக்கும் மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை தேவைப்படுவதில்லை. குழந்தைகளில் பலர் மருந்துகளாலேயே குணமடைகின்றனர். நாட்பட்ட லுகேமியாவில் ஒரு வகை, 2001-ஆம் ஆண்டு முதல் புழக்கத்திற்கு வந்த மாத்திரைகளால் பெரிதும் கட்டுப்படுகிறது. ஆனால் மருந்துகளுக்கு இணங்காத நிலையிலும், நோய் மீண்டும் தாக்கும் நிலையிலும், பிறர் ஒருவரின் ஆரோக்கியமான ஸ்டெம் செல்களே பலருக்கு எஞ்சியிருக்கும் நம்பிக்கை.

அமெரிக்க மருத்துவர் டொனால் தாமஸ் 1956-இல் இரட்டையருள் ஒருவரின் மஜ்ஜையை, லுகேமியாவால் பாதிக்கப்பட்ட மற்றவருக்குச் செலுத்தி இத்துறைக்கு வழிவகுத்தார். 1990-இல் நோபல் பரிசு பெற்றார். பாரதத்தில் 1983-இல் மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையிலும், 1986-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் இச்சிகிச்சை தொடங்கியது.

இங்கு இரத்த வகை ஒத்திருக்க வேண்டிய கட்டாயமில்லை. சிகிச்சை வெற்றி பெற்றால் நோயாளியின் இரத்த வகையே கொடையாளரின் வகையாக மாறிவிடும். பொருந்த வேண்டியது, தாய் தந்தையரிடமிருந்து வரும் ஹெச்.எல்.ஏ. என்னும் மரபு அடையாளம். உடன்பிறந்தார் ஒருவருக்கு இது முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்றே. பாதியளவு பொருந்தும் பெற்றோர் அல்லது பிள்ளைகளின் அணுக்களைக் கொண்டும் மருத்துவர்கள் இன்று சிகிச்சை செய்கின்றனர். ஆயினும் குடும்பத்தில் தக்கவர் கிடைக்காதபோது, முன்பின் அறியாத ஒருவரைத் தேடியாக வேண்டும்.

அதற்கெனவே கொடையாளர் பதிவேடுகள் உள்ளன. உலகெங்கும் நான்கு கோடிக்கும் மேற்பட்டோர் அவற்றில் பெயர் பதிந்துள்ளனர். நமது நாட்டிலும், சென்னையில் 2009-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தாத்ரி முதலான அமைப்புகள் இப்பணியைச் செய்கின்றன. மரபு அடையாளம் வம்சாவளியைத் தொடர்ந்து வருவதால், பாரத நாட்டு நோயாளிக்குப் பொருந்துபவர் பெரும்பாலும் பாரத வம்சத்தவராகவே இருப்பார். நாட்டின் மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் இங்குள்ள பதிவுகளோ மிகக் குறைவு.

அறிவு அச்சத்தைப் போக்கும்

எலும்பு என்ற சொல்லைக் கேட்டதுமே பலர் அஞ்சுகின்றனர். முதுகெலும்பைத் துளைப்பார்கள், நடக்க முடியாமல் போய்விடும், உடல் நிரந்தரமாகப் பலவீனமாகிவிடும் என்றெல்லாம் எண்ணுகின்றனர். ததீசி வினவியதைப் போன்று இவற்றையும் வெளிப்படையாக வினவித் தெளிவதே முறை.

பெயர் பதியும்போது கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் மெல்லத் துடைத்து எடுத்துக்கொள்கின்றனர், வலி ஏதுமில்லை. பலர் வாழ்நாள் முழுவதும் அழைக்கப்படாமலே இருந்துவிடக்கூடும். பொருத்தம் அமைந்து அழைப்பு வந்தால் முழுமையான உடற்பரிசோதனை நடைபெறும். தானம் கொடையாளருக்குத் தீங்காகும் என்று மருத்துவர் கருதினால் அங்கேயே நிறுத்திவிடுவார்.

இன்று பெரும்பாலும் இரத்தத்திலிருந்தே ஸ்டெம் செல்கள் பிரித்தெடுக்கப்படுகின்றன. மஜ்ஜையிலிருந்து அவை இரத்தத்திற்குள் மிகுதியாக வருவதற்குச் சில நாட்கள் ஊசி மருந்து அளிக்கப்படும். பின்னர் ஒரு கையிலிருந்து வெளியேறும் இரத்தம் இயந்திரத்தினூடே சென்று, ஸ்டெம் செல்கள் பிரிக்கப்பட்டபின் உடலுக்கே திரும்புகிறது. இதற்குச் சில மணி நேரம் ஆகும். சிலருக்கு மட்டுமே மஜ்ஜையாகவே எடுக்க நேரும். அதுவும் முதுகெலும்பிலிருந்து அன்று. மயக்க மருந்து கொடுத்து, இடுப்பெலும்பின் பின்புறத்திலிருந்து எடுக்கின்றனர்.

வலியே இராது என்று சொல்வது உண்மையாகாது. ஊசி போடும் நாட்களில் எலும்பு வலியும் தலைவலியும் சோர்வும் வரலாம். மஜ்ஜை எடுத்தவருக்கு இடுப்பில் சில நாட்கள் வலி இருக்கும். கடுமையான விளைவுகள் அரிது. கொடுத்த அணுக்களை உடல் சில வாரங்களில் மீண்டும் உண்டாக்கிக்கொள்கிறது. ததீசி தமது உடல் முழுவதையும் ஈந்தார். இத்தானம் கேட்பதோ இறைத்தால் மீண்டும் ஊறும் கிணற்றிலிருந்து ஒரு குடம் நீர்.

கொடுத்த சொல்

நற்பணி முகாம் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். உருக்கமான உரையைக் கேட்ட இளைஞர் ஒருவர் ஆர்வத்துடன் பெயர் பதிகிறார். ஆண்டுகள் செல்கின்றன. ஒரு நாள் தொலைபேசியில் அழைப்பு வருகிறது: எங்கோ ஒரு நோயாளிக்கு அவருடைய அணுக்கள் பொருந்துகின்றன. வீட்டில் கலக்கம் எழுகிறது. யாரோ ஒருவருக்காக எதற்கு இந்த ஆபத்து என்று அன்னை கண்ணீர் விடுகிறார். இளைஞருக்கும் அலுவலக வேலை, பயணம் எனக் காரணங்கள் ஒவ்வொன்றாகத் தோன்றுகின்றன.

மனம் மாறுவதற்குக் கொடையாளருக்கு எந்நேரமும் உரிமை உண்டு. எவரும் வற்புறுத்த இயலாது. ஆயினும் மறுமுனையில் நிகழ்வதை அவர் அறிந்திருக்க வேண்டும். மாற்றுச் சிகிச்சைக்கு முந்தைய நாட்களில், கடுமையான மருந்துகளாலும் சிலருக்குக் கதிரியக்கத்தாலும் நோயாளியின் பழைய மஜ்ஜை அழிக்கப்படுகிறது. அதன் பிறகு அவருடைய உடலில் புதிய இரத்தம் ஊற வழியில்லை. அந்நாட்களில் கொடையாளர் பின்வாங்கினால், அக்கரையும் இல்லாமல் இக்கரையும் இல்லாமல் நடு ஆற்றில் கைவிடப்பட்டவர் ஆகிறார் அந்த நோயாளி. அவருடைய உயிர் ஒரு சொல்லில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

ஆதலால் தயக்கம் இருப்பின் அதைத் தொடக்கத்திலேயே தெரிவித்துவிடுவது குற்றமாகாது. அதுவும் ஒரு சேவையே. உணர்ச்சி மேலீட்டால் பதிந்துவிட்டு உரிய வேளையில் கைவிடுவதே துன்பம் விளைவிப்பது. பெயர் பதிவதற்கு முன்பே வீட்டாருடன் அமர்ந்து பேசி, அவர்களுடைய ஐயங்களை மருத்துவரிடம் கேட்டுத் தெளிவித்து, அதன் பின்னர் மேற்கொள்ளும் தீர்மானமே சங்கல்பம் என்னும் பெயருக்கு உரியது. அன்னையின் கண்ணீரும் மதிக்கத்தக்கதே. மற்றோர் இல்லத்தில் மற்றோர் அன்னை சிந்தும் கண்ணீரைப் புரிந்துகொள்ளும் ஆற்றல் அவருக்கே மிகுதியாக உண்டு. பொறுமையுடன் எடுத்துரைத்தால், தடுக்கும் கை ஆசி கூறும் கையாக மாறக்கூடும்.

முகமறியாதவருக்குள் உறைபவன்

பகவத் கீதையின் பதினேழாம் அத்தியாயம் தானத்தைச் சாத்விகம், ராஜசம், தாமசம் என மூன்றாக வகுக்கிறது. பலனை நாடித் தருவதும் மனம் வருந்தித் தருவதும் ராஜச தானம். திருப்பிச் செய்ய இயலாதவருக்குக் கடமையென உணர்ந்து தருவதே சாத்விக தானம். மஜ்ஜை தானத்தின் விதிமுறைகள் இச்சாத்விக நெறியோடு இயல்பாகவே ஒத்துப்போகின்றன. கொடையாளருக்குப் பணம் கிடையாது. பெறுபவர் யார், எந்த ஊர், எந்தச் சாதி, எந்தச் சமயம் என்பதும் தெரியாது. பெறுபவருக்கும் கொடுத்தவர் இன்னாரென்று தெரிவதில்லை. இருவரும் விரும்பினால் சந்திக்கும் வாய்ப்பைப் பல பதிவேடுகள் குறிப்பிட்ட காலம் கழித்தே அளிக்கின்றன. கொடுக்கும் வேளையில் நன்றி சொல்ல ஒரு முகமும் இல்லை. புகழ ஒரு நாவும் இல்லை.

இச்சிகிச்சை எப்போதும் வெற்றி பெறுவதில்லை. நோய் திரும்பலாம், உடல் புதிய அணுக்களுடன் ஒத்துப்போகாமலும் இருக்கலாம். அவ்வாறு நேர்ந்தாலும் தானம் வீணாவதில்லை. செயல் மட்டுமே சாதகரின் கையில் உள்ளது. அதன் பலன் இறைவனுக்கு உரியது. கர்மயோகத்தை நூல்களில் பயின்றவர் அதை உடலால் பயிலும் நாள் அது.

1884-ஆம் ஆண்டு தட்சிணேசுவரத்தில் ஸ்ரீராமகிருஷ்ணர், உயிர்களுக்கு இரக்கம் காட்டுவதாக எண்ணுவதைக் காட்டிலும், அவற்றைச் சிவமாகவே கண்டு தொண்டு செய்வது உயர்ந்தது என உணர்த்தினார். அருகிலிருந்து கேட்ட நரேந்திரர், பின்னாளில் சுவாமி விவேகானந்தராக அதனை நாடெங்கும் செயல்படுத்திக் காட்டினார். அந்நோக்கில் பார்த்தால், கொடையாளர் மேலே நின்று ஈபவர் அல்லர், வழிபடுபவர். மருத்துவமனைக் கட்டிலே அவருக்குச் சந்நிதி. தம் எலும்பினுள் இறைவன் ஊறச் செய்த பொருளை, மற்றோர் உடலில் உறையும் அதே இறைவனுக்கு அவர் நிவேதனம் செய்கிறார்.

வஜ்ராயுதம் செய்யப்பட்ட காலத்தில் ஒரு ததீசி போதுமாயிருந்தார். இன்று ஒவ்வொரு நோயாளிக்கும் அவருக்கே பொருந்தும் ஒரு ததீசி வேண்டும். அவர் பதினெட்டு வயது நிறைந்த ஒரு மாணவராக இருக்கலாம். ஆலயத்தில் அன்றாடம் விளக்கேற்றும் ஒரு பெண்மணியாக இருக்கலாம். தமக்குள் இருப்பது யாருக்காக ஊறுகிறது என்பதை, அவர் தமது பெயரைப் பதியும் வரை எவரும் அறியமாட்டார்.