பிறர் காண ஒரு விளக்கு

1893-ஆம் ஆண்டு மே மாதம் 31-ஆம் நாள் சுவாமி விவேகானந்தர் பம்பாய்த் துறைமுகத்திலிருந்து ‘பெனின்சுலர்’ என்னும் கப்பலில் புறப்பட்டார். கொழும்பு, சிங்கப்பூர், ஹாங்காங் வழியாக ஜப்பானை அடைந்து, யோகஹாமாவில் வேறு கப்பல் ஏறி, ஜூலை மாத இறுதியில் கனடாவின் வான்கூவர் நகரில் இறங்கினார். அந்த நெடும் பயணத்தில் சூரியன் மறையும் ஒவ்வொரு வேளையிலும் கப்பலில் விளக்குகள் ஏற்றப்பட்டன. இடப்பக்கத்தில் சிவப்பு, வலப்பக்கத்தில் பச்சை, உயரே மரத்தில் வெள்ளை.

1848-இல் பிரிட்டன் தன் நீராவிக் கப்பல்களுக்கு விதித்த முறை அது. காலப்போக்கில் கடலோடும் நாடுகள் யாவும் அதனை ஏற்றன. 1972-இல் வகுக்கப்பட்டு 1977 முதல் நடைமுறையில் உள்ள பன்னாட்டு விதிகளே இன்று எல்லாக் கடல்களிலும் செல்லுபடியாகின்றன. வானில் பறக்கும் விமானமும் இதே மரபைப் பின்பற்றுகிறது. அதன் இட இறக்கையில் சிவப்பும், வல இறக்கையில் பச்சையும், வாலில் வெள்ளையும் ஒளிர்கின்றன.

இந்த விளக்குகளில் ஆழ்ந்து சிந்திக்கத்தக்க ஒரு செய்தி உள்ளது. இவை கப்பலுக்கு வழி காட்டுவதில்லை. முன்னே கிடக்கும் கடலில் ஒரு முழம் தூரத்தைக்கூட இவை மீகாமனுக்குப் புலப்படுத்துவதில்லை. வழியறிய அவனுக்குத் திசைகாட்டியும் விண்மீன்களும் உண்டு. இவ்விளக்குகள் எரிவது பிறருக்காகவே. ‘இங்கே ஒரு கப்பல் இருக்கிறது, அது இந்தத் திசையில் செல்கிறது’ என்று இருளில் வரும் மற்றவர்க்கு அறிவிப்பதே அவற்றின் பணி.

பகவான் ஸ்ரீராமகிருஷ்ணர் இரவில் விளக்குடன் சுற்றிவரும் காவல் அதிகாரியை உவமையாகக் கூறுவதுண்டு. அவர் தம் விளக்கொளியால் எல்லார் முகத்தையும் காண்கிறார். அவர் முகத்தை யாரும் காண முடிவதில்லை. இறைவனுக்கு அது பொருந்தும். மனிதனோ தானும் அவ்வாறே இருக்க விரும்புகிறான். பிறர் குற்றங்களின்மீது விளக்கைத் திருப்பிவிட்டு, தன்னை இருளில் வைத்துக்கொள்கிறான். கடல் விதி இதற்கு இடம் தருவதில்லை. பிறரைக் காண வேண்டும் என்று கேட்பதோடு, பிறர் காணும்படி இருக்கவும் வேண்டும் என்று அது கட்டளையிடுகிறது.

சிவப்பும் பச்சையும்

கப்பலின் பக்க விளக்குகள் ஒவ்வொன்றும் நேர்முன்னிருந்து தன் பக்கமாக 112.5 பாகை அளவுக்கே ஒளிவீசும்படி மறைப்பு வைத்து அமைக்கப்படுகின்றன. எஞ்சிய 135 பாகை பின்விளக்கிற்கு உரியது. ஆகவே சிவப்பு மட்டும் தெரிந்தால் அக்கப்பலின் இடப்பக்கம் தெரிகிறது என்று பொருள். இரண்டு நிறங்களும் ஒருங்கே தெரிந்தால், அது நேராக எதிரே வருகிறது. அப்போது இரு கப்பல்களும் வலப்புறம் விலக வேண்டும்.

இயந்திர விசையால் செல்லும் இரண்டு கப்பல்கள் குறுக்கிடும்போது, மற்றதைத் தன் வலப்புறத்தில் காணும் கப்பலே வழிவிட வேண்டும். அதன் கண்ணுக்கு மற்றதன் சிவப்பு விளக்கு தெரியும்; மற்றதன் கண்ணுக்கோ இதன் பச்சை விளக்கு தெரியும். ஒரே சந்திப்பு ஒருவனுக்கு ‘விலகு’ என்றும், மற்றவனுக்கு ‘உன் வழியே செல்’ என்றும் கூறுகிறது. இதில் உயர்வு தாழ்வு இல்லை. பெரிய கப்பல், சிறிய கப்பல் என்ற கேள்வியே எழுவதில்லை. நின்ற இடத்தைப் பொறுத்துக் கடமை அமைகிறது. இன்று வழிவிட்ட கப்பலுக்கு நாளை வேறொன்று வழிவிடும். குடும்பத்தில் விட்டுக்கொடுப்பதைத் தோல்வியாகக் கருதுபவன் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

வழிபெறும் கப்பலுக்கும் கடமை உண்டு. அது தன் திசையையும் வேகத்தையும் மாற்றாமல் செல்ல வேண்டும். சொல் ஒன்றும் செயல் ஒன்றுமாக இருப்பவனுக்கு யாரும் வழிவிடக்கூட இயலாது. எனினும், மற்றது விலகுவதால் மட்டும் மோதலைத் தவிர்க்க முடியாது என்ற நிலை வந்துவிட்டால், வழிபெறும் கப்பலும் ஆவன செய்தே ஆக வேண்டும். ‘நியாயம் என் பக்கம் உள்ளது’ என்று சொல்லிக்கொண்டே மோதி மூழ்குவதை எந்த விதியும் அனுமதிக்கவில்லை. சகோதரர்களுக்கிடையே எழும் வழக்குகள் எத்தனையோ இந்த ஒரு விதியை அறியாமையால் நீள்கின்றன.

மாறாத திசையில் தெரியும் ஒளி

மாலுமிகள் அறிந்த மற்றோர் உண்மையும் உண்டு. தொலைவில் தெரியும் ஒளியின் திசை, திசைகாட்டியில் மாறிக்கொண்டே வந்தால் பெரும்பாலும் அச்சமில்லை. நெருங்கிவரும் ஒளி ஒரே திசையில் அசையாமல் நின்றால், அதுவே மோதலின் அறிகுறி. சாதகனும் தன் மனத்தை இவ்வாறு கவனிக்க வேண்டும். வந்து வந்து போகும் எண்ணங்கள் கடந்துவிடும். ஜபத்தில் அமரும்போதெல்லாம் அதே இடத்தில், சற்றுப் பெரிதாகத் தோன்றும் ஆசையோ பகையோ ஒன்று இருக்குமானால், அதனிடமிருந்து காலத்தே விலகுவதே விவேகம். அருகில் வந்தபின் திருப்பச் சுக்கானுக்கு நேரம் இராது.

விதிக்கப்பட்ட விளக்குகளோடு குழப்பத்தக்க வேறு எந்த விளக்கையும் கப்பல் காட்டக் கூடாது. அவற்றின் ஒளியை மங்கச் செய்வதும், கண்காணிப்புக்கு இடையூறாக இருப்பதும் கூடாது. ஆன்மிக வாழ்விலும் ஆடம்பர விளக்குகள் உண்டு. பக்தியைப் பிறர் புகழக் காட்டிக்கொள்வது அத்தகையது. அது காண்பவரைத் திகைக்க வைக்கும். காட்டுபவனின் கண்ணையும் கூசச் செய்யும். ஒழுக்கம் என்னும் விளக்கு அளவோடு எரிகிறது. அவன் எத்திசையில் செல்கிறான் என்பதை உண்மையாக உரைப்பதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது.

இரண்டு சிவப்பு விளக்குகள்

சுக்கான் பழுதுற்றோ, இயந்திரம் நின்றோ, தன்னைச் செலுத்திக்கொள்ள இயலாத நிலைக்கு ஒரு கப்பல் வந்துவிடலாம். அப்போது அது ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சிவப்பு விளக்குகளை எல்லாத் திசைகளிலும் தெரியும்படி ஏற்ற வேண்டும். ‘என்னால் விலக இயலாது, நீங்கள் விலகிச் செல்லுங்கள்’ என்பது அதன் பொருள். அவ்விளக்குகளைக் கண்டதும் தம் வசத்தில் உள்ள மற்றக் கப்பல்கள் விலகிச் செல்கின்றன. அந்தக் கப்பலை எவரும் இழிவாக எண்ணுவதில்லை.

மனிதன் இதைச் செய்யத் தயங்குகிறான். கடனில் ஆழ்ந்த இல்லறத்தான் மனைவியிடமும் அதை மறைத்துச் சிரித்த முகத்துடன் நடமாடுகிறான். தேர்வில் தோற்ற மாணவன் பெற்றோரிடம் சொல்ல அஞ்சி அறைக்கதவைச் சாத்திக்கொள்கிறான். உள்ளே சுக்கான் உடைந்திருக்க, வெளியே வழக்கமான விளக்குகளே எரிகின்றன. அருகில் இருப்பவர்கள் உதவ மனமின்றி இருப்பதில்லை. அவர்களுக்கு எதுவும் தெரிவதில்லை. அகங்காரம் அந்த இரண்டு விளக்குகளை ஏற்றவிடாமல் தடுக்கிறது. ‘என்னால் இயலவில்லை’ என்று மனிதரிடம் மனம்விட்டுச் சொல்பவன் பாதிப் பாரத்தை இறக்கிவிடுகிறான். அதையே இறைவனிடம் முழுமையாகச் சொல்வது சரணாகதி.

அத்தகையவரின் விளக்கைக் கண்டவர்க்கும் கடமை உண்டு. 1956-ஆம் ஆண்டு ஜூலை 25-ஆம் நாள் இரவு, அமெரிக்கக் கரையை ஒட்டிய நான்டக்கெட் தீவுக்கு அப்பால், இத்தாலியின் ‘ஆண்ட்ரியா டோரியா’வும் ஸ்வீடனின் ‘ஸ்டாக்ஹோ’மும் மோதின. இரண்டு கப்பல்களிலும் ராடார் இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று முன்னரே அறிந்திருந்தன. மூடுபனியில் ஒவ்வொன்றும் மற்றதன் போக்கைத் தன் போக்கில் கணித்துக்கொண்டது. விளக்குகள் கண்ணுக்குத் தெரிந்தபோது இடைவெளி மிகக் குறைந்துவிட்டது. ஒன்று வலப்புறமும் மற்றொன்று இடப்புறமும் திரும்பின. 51 உயிர்கள் பறிபோயின.

அந்த இரவில் ஐரோப்பா நோக்கிச் சென்றுகொண்டிருந்த பிரான்ஸ் நாட்டுப் பயணிக் கப்பலான ‘ஈல் த பிரான்ஸ்’, உதவிக்குரல் கேட்டுத் திரும்பி வந்தது. சாய்ந்த கப்பலை நெருங்கியதும், தன் விளக்குகள் அனைத்தையும் ஏற்றுமாறு அதன் தலைவர் ஆணையிட்டார். இருளில் கலங்கி நின்றோர் அந்த ஒளியைக் கண்டு நெஞ்சம் தேறினர். சுமார் 750 பேரை அக்கப்பல் ஏற்றுக்கொண்டது. துன்புற்றவனுக்கு அறிவுரை பிறகு கூறலாம். ஆள் வந்துவிட்டது என்று அவன் கண்ணுக்குத் தெரிவதே முதல் உதவி.

பகலில் கொந்தளிப்பைக் கடந்து நங்கூரமிட்ட கப்பலும் இரவில் வெள்ளை விளக்கை ஏற்றி வைக்கிறது. அது எங்கும் செல்லவில்லை. ஆயினும் பிறர் தன்மீது மோதித் துன்புறக் கூடாது. இறைவனிடம் மனம் நிலைபெற்ற மகான்களும் அவ்வாறே உலகிற்காக ஒளியுடன் விளங்குகின்றனர்.

கடலில் கப்பல்கள் விளக்கேற்றும் அந்த அந்தி வேளையில்தான் இல்லங்களிலும் பூஜை விளக்கு ஏற்றப்படுகிறது. திரியைத் தூண்டும் கை ஒரு கணம் நின்று, ‘இன்று என் நடத்தை பிறருக்கு என் திசையை உண்மையாகக் காட்டியதா? வழிவிட வேண்டிய இடத்தில் விலகினேனா? உதவி வேண்டிய இடத்தில் மறைத்தேனா?’ என்று கேட்கட்டும். நாள்தோறும் இக்கேள்விகளைக் கேட்கும் இல்லத்தில் மோதல்கள் குறையும். அங்கே பகவானின் அருள் நிறையும்.